சாதுவன் கண்ட நாகர் தலைவன்

கோல் மார்க்கெட்டில் பருப்பு, அரிசி வியாபாரம் செய்கிறவன் நான். புலவர் பட்டம் எதுவும் கிடையாது. மணிமேகலை பாடிய சாத்தனாரும் கூலவாணிகர்தாமே என்ற தைரியத்தில் எழுதத் துணிந்தேன்.

2010-இல் வெளிவந்த 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' என்ற படத்தைப் பேரனோடு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பையன் மீன் கொடுத்துக் கறுப்பு டிராகன் ஒன்றைச் சிநேகம் பிடிக்கிறான். முடிந்ததும் பேரன், "தாத்தா, தமிழ்ல இந்த மாதிரி கிடையாதா?" என்றான். அதையும் இந்தியில்தான் கேட்டான்!

பார்சுவநாதருக்குப் படம் விரித்துக் குடை பிடித்த தரணேந்திரனைச் சொன்னேன். கழுகுமலைப் பாறையில் இன்றும் பார்க்கலாம். "அவருக்குக் கோபமே வராதா?" என்றான். கேள்வி நியாயம்தான். தரணேந்திரன் தேவன், குணம் மாற வேண்டிய அவசியமில்லை. குணம் மாறுகிற நாகன் வேண்டுமென்றால் ஆதிரை பிச்சையிட்ட காதைக்குத்தான் போக வேண்டும்.

கணிகையிடம் பொருளைத் தொலைத்த சாதுவன், கடல் வாணிபத்துக்குப் போய்க் கப்பல் உடைந்து, மரத்துண்டைப் பற்றி நாகர் மலையில் ஒதுங்குகிறான். உடையில்லாத நாகர்கள் தூங்கும் அவனை எழுப்புகிறார்கள், இரை கிடைத்ததென்று. அவன் அவர்கள் பாஷையிலேயே பேசவும் திகைத்து, தலைவனிடம் கூட்டிப் போகிறார்கள். கள் காய்ச்சும் பானை, புலால் நாற்றம், காய்ந்த எலும்புகள். நடுவே துணையோடு கரடி போலத் தலைவன். விருந்தாளிக்குக் கள், ஊன், பெண் மூன்றும் கொடுக்கச் சொல்கிறான். கொடூரனிடம் இந்த உபசாரத்தை வைத்ததில்தான் சாத்தனாரின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. சாதுவன் மறுக்க, தலைவனுக்குக் கோபம். உயிர் மறுபடி பிறக்கும் என்றதும் சிரிப்பு. பிறகு விளக்கம் கேட்டு, காலில் விழுகிறான்.

படத்தில் டிராகன் கூட்டம் ஆடு திருடுவதற்கு ஒரு ராட்சத டிராகன் காரணமாகிவிடுகிறது. பழி முழுக்க அதன் தலையில். சாத்தனார் அப்படித் தப்ப விடவில்லை. மனுஷனைத் தின்பது இந்தக் கூட்டத்தின் சொந்தப் பழக்கம். விட வேண்டியதும் அவர்களே. விடச் செய்தது மீனல்ல, பேச்சு. வெளியூரில் பிழைக்கிற வியாபாரிக்கு அடுத்தவன் பாஷை என்ன செய்யும் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன இடம் நான் வேறு படித்ததில்லை. டில்லிக்கு வந்த புதிதில் இந்தி தெரியாமல் கல்லாவில் நான் விழித்த விழிப்பு எனக்குத்தான் தெரியும்!

ஒரு குறையும் உண்டு. கப்பல் உடைந்து வருவோரைக் கொல்லாதே, மூத்துச் செத்த விலங்கைத் தவிர வேறு எதையும் தின்னாதே என்கிறான் சாதுவன். சமணனான எனக்கு அந்தச் சலுகை உறுத்துகிறது. (எங்கள் முனிவரைக் குடிகாரனை விட்டுக் கேலி செய்தவரும் இவரேதான்!) ஆனாலும் ஒரே நாளில் பருப்புச் சோறுக்கு மாறு என்றால் எந்தக் கூட்டம் கேட்கும்? கேட்கக்கூடியதைச் சொன்னான்.

தலைவன் கொடுத்த சந்தனமும் அகிலும் துணியும் வாங்கிக்கொண்டு, சாதுவன் சந்திரதத்தன் கப்பலில் புகார் திரும்புகிறான். கதையைச் சொல்லி முடித்ததும் பேரன், இந்தத் தடவை தட்டுத்தடுமாறித் தமிழில், "அப்புறம் அவங்க என்ன சாப்பிட்டாங்க?" என்றான். சாத்தனார் அந்த மலைப் பக்கம் மறுபடி திரும்பிப் பார்க்கவேயில்லை.