கம்பியற்ற கருவியும் கலையும்

பழைய தொலைபேசிகளைக் கொண்டு கலை படைக்கிறார்கள் என்றதும் நம்மவரில் பலர் நகைக்கக்கூடும். எண் சுழற்றும் வட்டும் சுருள் கம்பியும் பழைய பொருள் கடைக்குப் போக வேண்டியவை அல்லவா, அவற்றுக்கும் கலைக்கும் என்ன உறவு என்று கேட்கக்கூடும். கேட்பது தவறன்று. கலை என்ற பெயரால் காட்டப்படுவதை எல்லாம் கைகூப்பி ஏற்பது, கருங்கல்லைக் காட்டிக் கும்பிடு என்றதும் குனிவதற்கு ஒப்பாகும். நாமும் ஐயத்தோடுதான் இதனை அணுகினோம்.

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத் தகவல் தொடர்பு அருங்காட்சியகத்திலே, ழான் லுக் கோர்னெக் என்னும் கலைஞர் தொலைபேசிகளால் ஆட்டு மந்தை ஒன்றையே ஆக்கி நிறுத்தினார். கருவியின் உடல் ஆட்டுக்குத் தலையாயிற்று, கைப்பிடிகள் கால்களாயின, சுருள் கம்பி கம்பளியாயிற்று. கைத்திறனை மறுப்பதற்கில்லை. எனினும் அந்த மந்தை ஊமை மந்தை. தொலைபேசியின் உயிர் அதன் உருவத்திலா இருக்கிறது? அது சுமந்து செல்லும் குரலில் அன்றோ இருக்கிறது!

அந்தக் குரலைப் பற்றிக்கொண்டவர் நியூயார்க் கவிஞர் ஜான் ஜியோர்னோ. 1968இல் அவர் வகுத்த திட்டம் எளியது. குறிப்பிட்ட எண்ணைச் சுழற்றினால், மறுமுனையில் பதிவுக் கருவி ஒரு கவிஞரின் குரலிலேயே கவிதையைக் கூறும். வியட்நாம் போரைச் சாடிய குரல்களும் அதிலே ஒலித்தன. 1970இல் அந்நகரின் நவீனக் கலை அருங்காட்சியகமும் அதற்கு இடமளித்தது. அவை தேடி, ஆன்றோர் அழைப்புத் தேடிக் காத்திராமல், அடுக்களையில் நிற்பவரும் கவிதை கேட்கலாம் என்ற நிலை நமக்கு மிகவும் உவப்பானது.

ஆயினும் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது ஜப்பான் நாட்டுக் கருவி ஒன்று. இவாதே மாநிலத்தின் ஓட்சுசி என்ற கடலோர ஊரில், தோட்டக் கலைஞர் இதாரு சசாகி, 2010இல் தம் உறவினரை நோய்க்குப் பறிகொடுத்த துயரில், தோட்டத்திலே வெண்ணிறக் கூண்டு ஒன்றை நாட்டி, உள்ளே கருநிறத் தொலைபேசியை வைத்தார். அதற்கு இணைப்பே இல்லை. காற்றுத் தொலைபேசி என்று பெயரிட்டார். 2011 மார்ச் 11ஆம் நாள் ஆழிப்பேரலை அவ்வூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வாரிச் சென்றது. பின்னர்ப் பிறரும் வரத் தொடங்கினர். இல்லாத வீட்டின் எண்ணைச் சுழற்றி, இல்லாத மனைவியோடு பேசினர், மக்களோடு பேசினர்.

"இறந்தவரோடு பேசுவதாவது! திவசத்தின் புதிய வடிவமன்றோ இது?" என்று கேட்டார் நம் தோழர் ஒருவர். நியாயமான கேள்வி. ஆனால் திவசத்திலே துன்புற்றவன் வாய்மூடி அமர்ந்திருக்க, அவனுக்கு விளங்காத மொழியில் வேறொருவர் ஓதுகிறார். ஓதியதற்குக் கூலியும் பெறுகிறார். இங்கோ பேசுபவன் துன்புற்றவனே, மொழியும் அவனுடையதே. மறுமுனையில் ஒருவரும் இல்லை என்பதை அறிந்தே பேசுகிறான். மூடநம்பிக்கை எங்கே இதில்?

சுழல்வட்டுக் கருவியைத் தெரிந்தெடுத்ததிலேதான் கலை இருக்கிறது என்போம். ஒன்றைச் சுழற்றினால் ஒரு துடிப்பு, சுழியைச் சுழற்றினால் பத்துத் துடிப்பு. ஒவ்வோர் எண்ணுக்கும் வட்டு மெல்லத் திரும்பி வருமளவும் விரல் காத்திருக்க வேண்டும். சொல்லத் துணியாத நெஞ்சுக்கு அந்த இடைவேளை தேவைப்படுகிறது. கைப்பேசியின் கண்ணாடியைத் தொட்டால் அது கிட்டுமா?

பல நாடுகளிலும் இதைப் பார்த்து இத்தகைய கூண்டுகளை நட்டுவருகிறார்கள். நடட்டும், அற்புதம் விளையும் தலம் என்று மட்டும் விளம்பரம் செய்யாதிருக்கட்டும். ஓட்சுசிக் கூண்டில் கருவிக்கு அருகே ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார் சசாகி. வந்தவர் விரும்பினால் எழுதலாம்.