அரைப்படி நெல்லும் ஒரு நாவலும்

இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975-இல் வெளிவந்து, 1977-இல் சாகித்திய அகாதெமிப் பரிசும் பெற்றது. அண்மையில் அதனை மீண்டும் படித்தேன். முதல் வாசிப்பில் தோன்றிய மனக்குறை இப்போது வளர்ந்தே இருக்கிறது.

நாவலின் பின்னணி யாவரும் அறிந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழத் தஞ்சையைச் சேர்ந்த கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தாழ்த்தப்பட்ட குலத்து விவசாயக் கூலிகளின் குடும்பத்தார். அறுவடைக் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதே தகராறின் தொடக்கம்.

அரைப்படி கொடுத்தால் மிராசுதாரின் பத்தாயம் வற்றிவிடுமா? வற்றாது. பின் ஏன் எரித்தார்கள்? கைகட்டி நின்று, அளந்ததை வாங்கிப் போக வேண்டியவன் அளவு போதாது என்று வாய் திறந்தான், சங்கம் வைத்தான், கொடி கட்டினான். கூலியின் அளவைச் சாதியே நிர்ணயித்துவந்த மண்ணில், கூலி உயர்வு கேட்பதே சாதியை மறுப்பதாயிற்று. இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டிய இடத்தில் ஆசிரியர், பண்ணையார் கண்ணையா நாயுடுவின் ஆண்மைக் குறையை முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறார். அந்தக் குறை இல்லாதிருந்தால் குடிசை எரிந்திராதா? டில்லியிலிருந்து வந்த கோபாலும் சிவாவும் விவாதிக்கிறார்கள், நன்றாகவே விவாதிக்கிறார்கள். நெல் அறுத்தவரின் குரல்தான் மங்கலாகக் கேட்கிறது.

செல்வர்கள் தாமே நடந்து சென்று தீவைத்தார்கள் என்பது நம்பத்தக்கதன்று என்னும் கருத்தோடு, 1973-இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. அதன் பிறகும் எழுதத் துணிந்தாரே, அதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும், தஞ்சை மண்ணிலேயே பிறந்த சோலை சுந்தரபெருமாள் 1999-இல் தந்த 'செந்நெல்'லில்தான் உழைப்பவரின் வீடும் வயிறும் நம் கண்முன் வருகின்றன.

மத்ரஸாவில் இஜாராவின் பாடம் ஓதியபோது, உஜ்ரத் இன்னதென்று இரு தரப்பாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று படித்தோம். அங்கே கூலிக்காரனும் ஒரு தரப்பு! அளவையில் மோசம் செய்வோரைக் கண்டித்து ஒரு ஸூராவே இறங்கியிருக்கிறது. ஆயினும் என் பாட்டனார் வீட்டில் இரண்டு மரக்கால்கள் இருந்தன. நெல் வாங்க ஒன்று. கொல்லைப்புறத்தில் கூலி அளக்க, சற்றுச் சிறியதாய், மற்றொன்று. அவரோ ஒரு வக்துத் தொழுகையையும் களா ஆக்காதவர். உடற்குறையோ மனக்கோணலோ எதுவும் இல்லாதவர். அத்தகைய மனிதரைக் 'குருதிப்புன'லில் தேடினேன், கிடைக்கவில்லை.