திசை மாற்றப்பட்ட களஞ்சியம்

இங்கிலாந்தின் பழைய தானியக் களஞ்சியங்களைக் குதிரை லாயமாக்குவோர் தவறாமல் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு: வீடாக்கிக் கெடுப்பதற்கு இது எவ்வளவோ மேல். 2014இல் பண்ணைக் கட்டடங்களை வீடாக மாற்றும் விதிகள் தளர்த்தப்பட்ட பிறகு, இந்த நியாயத்துக்கு மவுசு கூடிவிட்டது. லாயத்துக்கு மாடி வேண்டாம், கூரையைக் குடைந்து ஜன்னல் வைக்க வேண்டாம், வைக்கோலும் கால்நடையும் இருந்த இடத்திலேயே இருக்கும் என்கிறார்கள்.

உண்மைதான். உத்தரமும் கைமரமும் மறைக்கப்படாமல் தெரிகின்றன. பூட்டிக் கிடந்து ஓடு சரிவதைவிடப் புழக்கத்தில் இருப்பது கட்டடத்துக்கு நல்லது. ஆனால் இந்த வாதம் முழுவதும் வெளிமுற்றத்தில் நின்றுகொண்டு பேசப்படுவது. உள்ளே போனால் கதை வேறு.

களஞ்சியம் குறுக்குவாட்டில் இயங்கிய கட்டடம். நீளச் சுவர்களில் எதிரெதிரே பெரிய கதவுகள். கதிர்க்கட்டு ஏற்றிய வண்டி ஒரு கதவால் நுழைந்து, சுமையை இறக்கி, மறு கதவால் வெளியேறும். இரு கதவுகளுக்கும் இடையே களம்; அதன் இருபுறமும் கூரையை முட்டக் கதிர்ப்போர். குளிர்காலம் நெடுக ஆட்கள் அங்கே கோல்கொண்டு கதிரடித்தார்கள். இரண்டு கதவையும் திறந்துவிட்டு, ஊடே வீசும் காற்றில் தூற்றினார்கள். மணி வெளியே சிதறாதபடி வாசலின் அடியில் ஒரு பலகையைச் செருகிவைத்தார்கள். 1786இல் ஆண்ட்ரூ மீக்கிள் கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கியபின் களத்தின் வேலை படிப்படியாகக் குறைந்தது. என்றாலும் கட்டடத்தின் அமைப்புக்குக் காரணம் அந்தக் களம்தான்.

ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் கிரேட் காக்ஸ்வெல்லில் பியூலி மடத்துத் துறவிகள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய களஞ்சியம் இன்றும் தடுப்பின்றி நிற்கிறது. சுமார் 46 மீட்டர் நீளம். உயரமான கல் பீடங்களின்மேல் ஓக் தூண்கள், இரு பக்கமும் தாழ்ந்து இறங்கும் கூரை. வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் அந்தக் கட்டடத்தை ஏன் அவ்வளவு கொண்டாடினார் என்பது உள்ளே நுழைந்ததும் விளங்கிவிடும்: ஒரு பெரும் வெளி, அதைக் குறுக்கே வெட்டும் ஒளி.

லாயமாக்குகிறவர் முதலில் கைவைப்பது இப்படிப்பட்ட வெளியில்தான். ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி அறை வேண்டும். அறைகளை இரு நீளச் சுவர்களையும் ஒட்டி வரிசையாக அடுக்குகிறார்கள்; நடுவில் நெடுக ஒரு நடைபாதை. அது வெளியே திறக்க, கூம்புச் சுவரை உடைத்துப் புதுக் கதவு. பழைய பெருங்கதவுகளில் ஒன்று பலகை அடித்து மூடப்படுகிறது, மற்றது சேண அறையின் வாசலாகிறது. குறுக்கே ஓடிய கட்டடம் நெடுக்காகத் திருப்பப்படுகிறது. தூண்களுக்கு இடையே ஆளுயரப் பலகையும் அதன்மேல் இரும்புக் கம்பியும் வந்தபின், பக்கக் கூடங்கள் இருந்ததே தெரியாது. காற்றுக்குச் சிறு பிளவுகள் மட்டும் இருந்த சுவரில், குதிரை தலையை நீட்ட வரிசையாக அரைக்கதவுகள்.

தடுப்புகளை வேண்டும்போது கழற்றிவிடலாமே என்பார்கள். தரையை என்ன செய்வார்கள்? சிறுநீர் வடியவும் கழுவிவிடவும் சரிவாகக் கான்கிரீட் கொட்டுகிறார்கள். தலைமுறைகளாக மிதித்து இறுகிய மண்களமோ ஓக் பலகைக் களமோ அதற்காகத் தோண்டி எறியப்படுகிறது. மண்தரை வழியாக ஆவியாகிக்கொண்டிருந்த ஈரம், கான்கிரீட்டுக்கு அடியில் அடைபட்டுச் சுவரிலும் தூணடிக் கட்டைகளிலும் ஏறுகிறது. கட்டடத்தின் உயிரான பகுதியை அழித்துவிட்டு, ஓடுகளையும் உத்தரத்தையும் காட்டி இதைப் பாதுகாப்பு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. வீடாக்குகிறவராவது மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு மாற்றுகிறார்.

இங்கிலாந்துச் சட்டப்படி பொழுதுபோக்குக்காகக் குதிரைகளை லாயத்தில் வைத்திருப்பது விவசாயம் ஆகாது. அந்த மாற்றத்துக்குத் திட்ட அனுமதி கேட்டாக வேண்டும். அனுமதி தரும் உள்ளாட்சி மன்றங்கள் வெளித்தோற்றத்தோடு நின்றுவிடாமல் தரைப்படத்தையும் பார்க்கட்டும். எதிரெதிர்க் கதவுகளையும் நடுக்களத்தையும் விட்டுவைக்கும் திட்டத்துக்கு மட்டும் கையெழுத்திடட்டும். மற்றவர்கள் முற்றத்தில் புதிதாக ஒரு மரக் கொட்டில் போட்டுக்கொள்ளட்டும். குதிரைக்கு அது போதும்.