தசமப் புள்ளிக்குப் பின்னால்

பழைய வணிகச் சஞ்சிகை ஒன்று கைக்குக் கிடைத்தால் தலையங்கம் காத்திருக்கட்டும். பொடி எழுத்துப் பக்கத்தை முதலில் புரட்டுங்கள். மலாயா ரப்பர் கம்பெனிகளின் ஆண்டுக் கூட்ட அறிக்கைகள் அங்கேதான் கிடக்கும். எத்தனை ஏக்கர், எத்தனை ராத்தல், ராத்தலுக்கு அடக்கச் செலவு என்ன, பங்குக்கு ஈவு எவ்வளவு என்று ஒரு தோட்டத்தின் வருஷமே சில வரிகளில் முடிந்துவிடும்.

அந்த அடக்கச் செலவில்தான் ருசி. பென்னியை நூறாகப் பிளந்து, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை போட்டிருப்பார்கள். என்ன துல்லியம்! இருட்டோடு பெரட்டுக்கு வந்து நின்றவர், உளியோடு நிரை பிடித்தவர், மங்கில் வடிந்த பாலை வாளிக்கு வழித்தவர், ஒட்டுப்பால் உரித்தவர் எல்லோரும் அந்த இரண்டு இலக்கத்துக்குள் இருக்கிறார்கள். கூட்ட முடிவில் துரைக்கும் கிராணிமாருக்கும் நன்றி சொல்வார்கள். மரம் வெட்டியவருக்கு அந்த இலக்கம்தான் விலாசம்.

பாரிட் புந்தாரில் உட்கார்ந்து படித்தால் சுவை இன்னும் கூடும். அந்த ஊர் இருக்கும் கிரியான் வட்டாரம் முதலில் கரும்புக்குப் பேர்போனது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள் வெட்டிய கரும்பு அது. 1906-இல் நீர்ப்பாசனத் திட்டம் முடிந்ததும் நெல் பெருகியது. 1910-இல் மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. அந்த ஏப்ரலில் லண்டனில் ரப்பர் ராத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியது. பிறகு கரும்புக்கு ஏது இடம்? அந்த ஆண்டுகளின் சஞ்சிகைகளை வரிசையாக அடுக்கினால், சர்க்கரைப் பத்தி சுருங்கச் சுருங்க ரப்பர் பத்தி நீள்வதைக் கண்ணாலேயே அளக்கலாம்.

1932-இல் அதே ராத்தல் 2 பென்ஸுக்கும் கீழே விழுந்தது. அதற்கு முன்பே, 1930-இல், ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாள் சம்பளத்தை 40, 32 என்று இறக்கிவிட்டார்கள். விலை உச்சத்தில் இருந்தபோது ஈவாகப் போனது, விழுந்தபோது சம்பளத்தில் கழிந்தது. இதை எந்தத் தலையங்கமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது.

தோட்டத் துரைமார் சங்கம் 1920-இல் தொடங்கிய 'த பிளாண்டர்' சஞ்சிகை தனிச் சுவை. பால் உறைய வைக்கும் அமிலத்தைப் பற்றி அவ்வளவு அக்கறையான கட்டுரைகள்! துரைமாருக்குத் தமிழ்ப் பரீட்சை வைத்ததும் அதே சங்கம்தான். தொழிலுக்கு அமிலமும் வேண்டும், தமிழும் வேண்டும்.

சேர்ப்பவர்களுக்கு இரண்டு சொல். பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது விளம்பரப் பக்கங்களைக் கிழிக்க விடாதீர்கள். எந்தச் சரக்குக்கு அன்று கிராக்கி என்பதை அவைதான் சொல்லும். அடுத்தது, 'பிளாண்டர்' பக்கத்திலேயே 'சங்கமணி'யையும் வையுங்கள். 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தமிழ் ஏடு அது. ஒன்றில் செலவென்று எழுதியது மற்றதில் சம்பளமென்று வரும். இரண்டையும் கூட்டிப் படித்தால்தான் தோட்டத்துக் கணக்கு நேராகும்.