அண்டி வாழ்பவன்
நாகேஷ்: நான்கு வருஷங்கள், எட்டுப் படங்கள்

ஒரு நடிகனைப் பன்முகத் திறமை கொண்டவன் என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் எண்ணிக்கையைத்தான் புகழ்கிறோம். 'நவராத்திரி'யில் (1964) சிவாஜி கணேசனுக்கு ஒன்பது வேஷம். 'தசாவதார'த்தில் (2008) கமல்ஹாசனுக்குப் பத்து. ஒப்பனை மாறினால் ஆள் மாறிவிட வேண்டும், மாறாவிட்டால் நடிகன் தோற்றான் என்பது மேடையிலிருந்து நம் சினிமாவுக்கு வந்து சேர்ந்த நம்பிக்கை. அந்தப் பத்து வேஷப் படம்தான் நாகேஷின் கடைசிப் படமும். 2009 ஜனவரி 31-ல் அவர் இறந்தபோது வந்த இரங்கல்களும் அவரைப் பன்முகக் கலைஞர் என்றே சொல்லின. ஆனால் அவர் வேஷத்தில் மறைந்துபோன நடிகர் அல்ல. அம்மைத் தழும்பு முகம், ஒல்லி உடம்பு, வார்த்தைக்கு முன்னால் ஓடிவிடும் கைகால்கள். புராணமானாலும் சமூகப் படமானாலும் இவை மாறியதில்லை. பின் அவரிடம் எது பலவாயிற்று?

இந்தக் கேள்விக்கு நம் வட்டத்தில் ஒரு சுலபமான பதில் உண்டு. தமிழ் சினிமாவைத் தொடவே கூசுகிற நாம் நாகேஷுக்கு மட்டும் ஒரு சலுகை தருகிறோம். 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'எதிர்நீச்சல்' ஆகியவற்றில் அவர் 'நகைச்சுவையைத் தாண்டிப்' போனார் என்போம். இந்தத் 'தாண்டி' என்ற சொல் எனக்குச் சம்மதமில்லை. சிரிப்பு கீழே, கண்ணீர் மேலே என்ற படிக்கட்டை முதலில் கட்டிக்கொண்டு, பிறகு நடிகனை அதில் ஏற்றிவிடுகிற காரியம் இது.

படங்களை வருஷப்படி வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 1964-ல் 'காதலிக்க நேரமில்லை', 'சர்வர் சுந்தரம்'. 1965-ல் 'திருவிளையாடல்', 'நீர்க்குமிழி'. 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்', 'எதிர்நீச்சல்'. ஒவ்வொரு வருஷமும் சிரிப்புக்கு ஒன்று, 'கனமானது' என்று நாம் ஒதுக்கி வைக்கிற ஒன்று. ஆனால் நீர்க்குமிழியை நீக்கிவிட்டால் மற்ற ஐந்திலும் வருகிறவன் ஒரே ஆள்தான்: பிறர் தயவில் வாழ்பவன். செல்லப்பா படம் எடுக்க அப்பாவின் பணத்தை நம்பியிருக்கிறான். சுந்தரம் ஓட்டல் சர்வர். தருமி பாட்டு எழுத வராமல் பரிசுக்கு ஏங்குகிறவன். வைத்தி மைனரையும் ஜமீனையும் ஒட்டிக்கொண்டு பிழைப்பவன். மாது ஒண்டுக்குடித்தன வீட்டின் மாடிப்படிக்கு அடியில் படுத்து, குடித்தனக்காரர்களுக்கு ஏவல் செய்து படிக்கிற அநாதை. புராணம், காதல் கேளிக்கை, சங்கீதப் படம், குடும்பக் கதை என்று சுற்றிலும் உலகம் மாறுகிறது. அண்டி வாழ்பவன் மாறுவதில்லை. அவனுக்கு எத்தனை விதமான கதிகள் உண்டு என்று காட்டுவதுதான் நாகேஷின் பன்முகம்.

அந்த அவசரமான உடம்புக்கு அர்த்தமும் இங்கேதான். நான் வேலை பார்க்கும் வங்கியில் நகையை அடகு வைக்க வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கேட்பதற்கு முன்பே விளக்கம் சொல்வார்கள். பேனா கீழே விழுந்தால் நமக்கு முன்னால் குனிந்து எடுத்துக் கொடுப்பார்கள். எதிராளியின் முகம் சுளிப்பதற்குள் பாதி வாக்கியத்தை மாற்றிக்கொள்வார்கள். தயவை எதிர்பார்க்கும் உடம்பு எப்போதும் அரை விநாடி முந்திக்கொள்கிறது. நாகேஷின் வேகத்தை 'டைமிங்' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது வெறும் சாமர்த்தியம் இல்லை. எதிரே இருப்பவன் மனம் மாறிவிடுவானோ என்கிற பயம் அது.

'காதலிக்க நேரமிலை'யில் செல்லப்பா அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பாருங்கள். எல்லோரும் சிரித்த காட்சி. கதவும் காற்றும் காலடியும் நாகேஷின் வாயிலிருந்தும் விரலிலிருந்தும் வருகின்றன. எதிரே பாலையா நடுங்குகிறார். அந்த நடுக்கம் இல்லாவிட்டால் காட்சியே இல்லை. பணம் வைத்திருப்பவனைப் பணம் இல்லாதவன் சில நிமிஷங்கள் கட்டிப்போடுகிறான். கையில் இருப்பது கதை மட்டும்தான். முடிந்ததும் பணம் அப்பாவிடமே இருக்கிறது. தந்தை மகன் என்பதால் இதில் வலி இல்லை. ஸ்ரீதருக்கு அது வேண்டியதும் இல்லை.

வலி 'திருவிளையாட'லில் இருக்கிறது. ஆயிரம் பொன் என்ற அறிவிப்பைக் கேட்டுவிட்டுக் கோவில் மண்டபத்தில் தருமி தனியாகப் புலம்புகிறான். அவனுக்குப் பாட்டு வராது, அது அவனுக்கே தெரியும். பிறகு இறைவனிடம் வாங்கிய பாட்டைச் சபையில் படிக்கிறான். நக்கீரர் குற்றம் சொல்கிறார். தருமி பாட்டுக்காக வாதாடவில்லை. எவ்வளவு குற்றமோ அவ்வளவு பொன்னைக் குறைத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கச் சொல்கிறான். தமிழ் சினிமாவில் வறுமையைப் பற்றி இதைவிட உண்மையான ஒரு பேச்சு எனக்குத் தெரியாது. கண்ணீர் இல்லை, வயலின் இல்லை. பேரம் இருக்கிறது. ஏ.பி. நாகராஜன் அந்த மனிதனைப் பரிதாபத்துக்கு ஒப்புக்கொடுக்கவில்லை. நாகேஷும் நம்மிடம் இரக்கம் கேட்கவில்லை.

'சர்வர் சுந்தர'த்தில் கேட்கிறார். சர்வர் நடிகனாகிறான், நேசித்தவள் நண்பனுக்குரியவள் என்று தெரிகிறது, தாயும் போய்விடுகிறாள், கடைசியில் பழையபடி சர்வர் வேலைக்கே வருகிறான். படத்தின் உயிர் முதல் பாதி ஓட்டல் காட்சிகளில் இருக்கிறது. தட்டும் தம்ளருமாக மேஜைகளுக்கு நடுவே ஓடும் உடம்பில் இருக்கிறது. தியாகம் தொடங்கியதும் அந்த உடம்பு நின்றுவிடுகிறது, முகம் மட்டும் வேலை செய்கிறது. 'நீர்க்குமிழி'யில் சாவு நெருங்கும் நோயாளி. அங்கே அவன் தயவை நாடுவது மனிதர்களிடம் இல்லை, விதியிடம். விதியிடம் பேரம் பேச முடியாது. அதனால் நாகேஷுக்கு வேலை குறைந்து வசனத்துக்கு வேலை கூடுகிறது. பாலசந்தரின் குறை இது: அண்டி வாழ்பவனை நல்லவனாக்கிவிட்டால் அவனைப் புரிந்துகொண்டதாக நினைத்துவிடுகிறார். 'எதிர்நீச்ச'லில் இது ஓரளவு சரியாகிறது. சோறு போடும் வீடு மாறமாற மாதுவின் குரலும் முதுகும் மாறுவதை அவர் கவனித்து எடுத்திருக்கிறார்.

நல்லவனாக இருக்க வேண்டிய கடமை இல்லாதபோது அவன் என்னவாகிறான் என்பதற்கு வைத்தி சாட்சி. கொத்தமங்கலம் சுப்பு கதையில் படைத்த தரகன். படத்தில் அவன் யாரையும் அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை. வடிவாம்பாளின் ஆசைக்குத் தகுந்த சொல்லை எடுத்துத் தருகிறான், அவ்வளவுதான். மாதுவிடமும் தருமியிடமும் பார்த்த அதே குனிவு, அதே முந்திக்கொள்ளல். ஆனால் இப்போது விற்கப்படுவது இன்னொருத்தியின் வாழ்க்கை. மாதுவும் வைத்தியும் 1968 என்ற ஒரே வருஷத்தில் ஒரே உடம்பில் வந்தார்கள். ஒருவனைக் குணசித்திரம் என்றும் மற்றவனை ஹாஸ்யம் என்றும் பிரித்து வைத்தால், இருவரும் ஒரே படிக்கட்டின் அடியிலிருந்து கிளம்பியவர்கள் என்பதைப் பார்க்கத் தவறிவிடுவோம்.

1994-ல் மறுபடியும் ஒரு ஜோடி. 'நம்மவ'ரில் மகளைப் பறிகொடுக்கும் பேராசிரியர். 'மகளிர் மட்டு'மில் பிணம். தேசிய விருது பேராசிரியருக்குக் கிடைத்தது. நல்ல நடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பிணம் பெரிதாகப் படுகிறது. வேறொருவன் என்று தவறாக எண்ணி மூன்று பெண்கள் அதை எடுத்துக்கொண்டு அலைகிறார்கள். தூக்கியும் சாய்த்தும் உட்காரவைத்தும் பார்க்கிறார்கள். முப்பது வருஷமாக எதிராளிக்கு முன்பே ஓடிய உடம்பு, இங்கே யாருக்கும் ஒன்றும் விளக்க வேண்டியதில்லாமல் கிடக்கிறது. அது எவர் தயவையும் கேட்கவில்லை. மற்றவர்கள்தான் பயப்படுகிறார்கள்.

இனி நம்மைப் பற்றி. அந்தப் பாண்டியன் சபையில் விமர்சகர்களாகிய நாம் எப்போதும் நக்கீரர் ஆசனத்தில்தான் நம்மை வைத்துப் பார்த்திருக்கிறோம். இறைவனே எழுதினாலும் குற்றத்தைச் சொல்லுவோம் என்பது நமக்குப் பெருமை. சர்ச்சைக்குரிய பாட்டு குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக, இறையனார் பெயரில் இருக்கிறது. பாட்டு பிழைத்துக்கொண்டது, நக்கீரர் புகழும் பிழைத்துக்கொண்டது. இடையில் நின்று பொன்னைக் குறைத்துக் கேட்டவனை நாம் ஒரு சிரிப்போடு அனுப்பிவிட்டோம். அவனுக்குக் கவிதை முக்கியமில்லை என்பதால் அவனும் முக்கியமில்லை என்று தீர்மானித்துவிட்டோம். நாகேஷ் அந்தச் சிரிப்பை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டார், ஆனால் அவனைச் சபையைவிட்டு வெளியே அனுப்பவில்லை. தமிழ் சினிமாவில் பேச ஒன்றுமில்லை என்று இனிமேலும் எழுத நினைப்பவர், அந்தக் காட்சியை இன்னொரு முறை தருமியின் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு எழுதட்டும்.