அடிபட்ட காரணியின் கணக்கு

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூல் (2019), இயற்கணித இயலில் விகிதமுறு கோவைகளை வைத்திருக்கும் இடம் சரியானது. மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.), மீச்சிறு பொது மடங்கு (மீ.பொ.ம.) முடிந்த கையோடு அவை வருகின்றன. ஆகவே சுருக்குதல் என்பது தொகுதியையும் பகுதியையும் காரணிப்படுத்தி மீப்பெரு பொதுக் காரணியால் வகுப்பதே என்று மாணவர் தாமே கண்டுகொள்ள வழியிருக்கிறது. உறுப்பை உறுப்போடு அடிக்கும் பழைய வியாதிக்கு இதைவிட நல்ல மருந்தில்லை. கணக்குகளின் தேர்விலும் தேர்ந்த கை தெரிகிறது. மாறியை ‘க’ என்று கொண்டால், பயிற்சியில் வரும் (9க² + 81க) / (க³ + 8க² − 9க) என்ற கோவை 9க(க + 9) / க(க + 9)(க − 1) எனப் பிரிந்து 9 / (க − 1) என ஒடுங்குகிறது. முப்படியைக் கண்டு மிரண்டவர், பொதுவான ‘க’வை வெளியே எடுத்ததும் எஞ்சுவது வெறும் இருபடி என்று தெளிகிறார். முறை என்ற அளவில் நிறைவான பாடம்.

குறை வரையறையில் இருக்கிறது. கோவையை வரையறுக்க இயலாமல் செய்யும் மதிப்பு விலக்கப்பட்ட மதிப்பு. ஆனால் அதை எளிய வடிவில்தான் தேட வேண்டும் என்கிறது நூல். மேற்கண்ட கோவையில் அப்படித் தேடினால் 1 மட்டும் அகப்படும். மூல வடிவத்திலோ 0, −9 ஆகிய இரண்டிலும் பகுதி பூச்சியமாகிறது. −9ஐப் பிரதியிட்டால் மூலம் 0/0 என்று திணறும். சுருங்கிய வடிவம் −9/10 என்று கூசாமல் விடை தரும். அதே பயிற்சியில் (க² − 11க + 18) / (க² − 4க + 4) இருக்கிறது. அது (க − 9) / (க − 2) ஆகும்போது விலக்கப்பட்ட 2 தொலையாமல் தப்பிவிடுகிறது, காரணம் (க − 2) என்ற காரணி பகுதியில் இருமுறை வந்தது. இரண்டையும் அருகருகே வைத்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் பாடம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

நூலுக்காக இயற்கணிதக்காரர் வாதாடலாம். பல்லுறுப்புக் கோவைகளின் பின்னங்களாக மட்டும் பார்த்தால், குறுக்கே பெருக்கிச் சமமாக வரும் இரண்டும் ஒன்றே. எண் எதையும் பிரதியிடாதவரை விலக்க ஏதுமில்லை. வாதம் செல்லும். ஆனால் பிரதியிடுதலை நூலே அழைத்து வந்தபின் அது கைகொடுக்காது. பதினொன்றாம் வகுப்பில் எல்லை என்ற கருத்தைத் தொடும்போது, 0/0 ஆகும் அதே புள்ளியைத்தான் மாணவர் உற்றுநோக்க வேண்டும். பத்தில் இல்லாத புள்ளி பதினொன்றில் எங்கிருந்து முளைத்தது?

இது ஏட்டுச் சண்டை என்று நினைப்பவர் ஒகேனக்கல்லுக்கு வரலாம். காவிரியில் ஒரு பரிசல் எதிர்நீரில் ஏறி, அதே தூரம் நீரோட்டத்தோடு இறங்குகிறது என்போம். நிலைநீரில் அதன் வேகம் து, ஆற்றின் வேகம் நீ. ஏறும் நேரம் தூரம் / (து − நீ). இறங்கும் நேரம் தூரம் / (து + நீ). மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்துச் சுருக்கினால் சராசரி வேகம் (து² − நீ²) / து. துடுப்பு மணிக்கு 5 கி.மீ., ஆறு 3 கி.மீ. என்றால் 3.2 கி.மீ. அழகான கோவை; தூரமே அடிபட்டுப் போனது. இனி ஆற்றின் வேகம் துடுப்பின் வேகத்துக்குச் சமமாகட்டும். சராசரி 0 என்கிறது கோவை, பரிசல் போய்த் திரும்பிவிட்டதைப் போல. அதுவோ புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. முடியாத பயணத்துக்குச் சராசரி ஏது? நீர்வரத்து கூடியதும் பரிசலுக்குத் தடை போடும் மாவட்ட நிர்வாகம், விலக்கப்பட்ட மதிப்பை மூல வடிவத்திலேயே பார்த்துவிடுகிறது.

நூலின் வாழ்க்கைக் கணக்குகள் இந்தக் கூர்மைக்கு உதவவில்லை. ஒரு வேலையைப் பாரி 4 மணி நேரத்திலும் யுவன் 6 மணி நேரத்திலும் முடித்தால், சேர்ந்து செய்ய எவ்வளவு நேரம்? 1/4 + 1/6 போதும். 2 மணி 24 நிமிடம். பகுதியில் மாறியே இல்லை. இருபடிச் சமன்பாட்டுக்குப் போனபின் சென்னை–விருத்தாசலம் 240 கி.மீ. ரயில் கணக்கில் வேகம் பகுதியில் வந்து உட்காருகிறது. விகிதமுறு கோவைக்கு உரிய கணக்கு அதுதான், தாமதமாக வருகிறது.

காரணிப்படுத்தும் பயிற்சியாக இந்தப் பாடம் முதல் தரம். கருத்தை நிறுவுவதில் நடுத்தரம். திருத்தம் பெரிதல்ல. வரையறையிலிருந்து ‘எளிய வடிவில்’ என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, அடித்த காரணி விலக்கியவற்றை விடையின் அருகிலேயே எழுதச் சொன்னால் போதும்: 9 / (க − 1), க ≠ 0, க ≠ −9.