காற்றும் வெயிலும் நிலக்கரியும்

இயற்கையைச் சிறிதும் வருத்தாமல் மின்சாரம் உற்பத்தி செய்யும் உபாயம் எதுவும் இல்லை. ஆகையால் குற்றமற்ற முறை எது என்று தேடி அலைவதைக் காட்டிலும், எதன் குற்றம் திருத்தத்தக்கது, எதன் குற்றம் திருத்தவொண்ணாதது என்று ஆராய்வதே விவேகமாகும்.

நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரி மின்சாரமாகி, ஆலைகளையும் வயற்காட்டுப் பம்பு செட்டுகளையும் இயக்கி, எண்ணற்ற குடும்பங்களுக்கு ஜீவனோபாயமும் அளித்து வருவது மறுக்கவொண்ணாத உபகாரம். இரவு பகல் என்ற பேதமின்றி, பருவத்தின் தயவை நாடாமல் மின்சாரம் தருவது நிலக்கரியின் தனிச் சிறப்பு. ஆயினும், நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீரை ஓயாது இறைத்தாலன்றி நெய்வேலிச் சுரங்கம் நிலைக்காது. மேலே கிடக்கும் விளைநிலத்தைத் தோண்டி அகற்றாமல் கரி கைக்கு எட்டாது. எரித்தபின் எழும் கரியமில வாயுவோ பல தலைமுறைக் காலம் வானில் தங்கி, அந்த மின்சாரத்தை அனுபவித்தறியாத ஜனங்களையும் வெப்பத்துக்கு ஆளாக்குகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் வேகம் பெற்றுப் பாயும் முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகள் புகை கக்குவதில்லை. அவற்றின் அடிநிலத்தில் பயிரும் செய்யலாம். ஆனால் ஆனி, ஆடியில் பெருகும் அம்மின்சாரம் பருவம் ஓய்ந்ததும் மெலிந்துவிடுகிறது. இடமறியாது நிறுத்திய காற்றாலையின் இறக்கை பறவைகளுக்கு யமனாகவும் கூடும். கமுதியில் 2016ஆம் ஆண்டு எழுந்த 648 மெகாவாட் சூரியமின் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரைக் கொண்டது. கண்மாய்களை நம்பி வாழும் வறண்ட சீமையில் அத்தனை நிலத்தை ஒருசேர வளைக்கும்போது, ஆடுமாடுகளின் மேய்ச்சலும் மழைநீர் ஓடும் கால்களும் என்னவாகும் என்ற கேள்வி நியாயமானதே. பொழுது சாய்ந்து வீடுதோறும் விளக்கேற்றும் வேளையில் சூரியன் கைகொடுப்பதுமில்லை.

இக்குறையை ஈடுசெய்யக் கடம்பாறையில் உள்ளதைப் போன்ற நீரேற்று மின் நிலையங்கள் உதவும். மின்சாரம் மிகுந்திருக்கும்போது தாழ்ந்த நீர்த்தேக்கத்திலிருந்து நீரை மலைமேல் ஏற்றி, தட்டுப்பாடு நேரும்போது இறக்கி, 400 மெகாவாட் வரை தரவல்லது கடம்பாறை நிலையம். ஏற்றும்போது செலவான மின்சாரம் முழுவதும் திரும்பி வராது என்பதும், புதிய நீர்த்தேக்கம் மலைக்காட்டை மூழ்கடிக்கக்கூடும் என்பதும் இம்முறைக்குரிய நஷ்டங்கள்.

இவற்றை ஒருங்கே சீர்தூக்கினால் ஒரு பேதம் புலனாகும். காற்றாலையைப் பறவைகளின் பாதையிலிருந்து விலக்கலாம். சூரியத்தகடுகளைக் கூரைகளின் மீதும் கால்வாய்களின் மீதும் பரப்பலாம். ஊராரைக் கலந்து மேய்ச்சல் நிலத்தைக் காக்கலாம். எரிந்த கரியின் வாயுவை மீட்டுக்கொள்ளவோ, பொறுப்பான திட்டமிடுதல் ஒன்றாலேயே இயலாது. எனவே காற்றையும் வெயிலையும் ஆதரிப்பதே நியாயம். ஆனால் தூய்மை என்னும் பெயரே போதுமென்று எளியோரின் நிலத்தை ஆலோசனையின்றி எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை அந்த ஆதரவு எவருக்கும் வழங்கலாகாது.